மூன்று பலகைகளும் கோபித்துக்கொண்டு போன தரையும்

எங்கள் வீட்டுத் தரை எங்களை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை விடிகாலையில்; அது போனதற்கு இடியோ மின்னலோ நில நடுக்கமோ காரணமில்லை, நான்தான் காரணம் என்பதைக் குடியிருப்பின் மூன்று பிளாக்குகளிலும் உள்ள நாற்பத்தெட்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள், எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருமனதாக நிறைவேறிய முதல் தீர்மானமும் அதுதான்.

என் பெயர் குழந்தைவேலு. கோயம்புத்தூரில், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தொன்பது வருஷம் நூலின் தரம் பார்த்தேன். அதாவது, நல்ல வெளிச்சத்தில் கறுப்பு அட்டையில் நூலைச் சுற்றி வைத்து, எங்கே முடிச்சு, எங்கே மெலிவு, எங்கே தடிப்பு என்று தேடித் தேடிக் குறித்து, நன்றாக இருக்கிற நூலையும் எதற்கும் இன்னொரு தரம் பார்க்கலாமே என்று திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் மாலை போட்டு, சாரைப் போல ஒருவர் இனி வரமாட்டார் என்றார்கள். அதை எவ்வளவு நிம்மதியாகச் சொன்னார்கள் என்பது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

எங்கள் ஒரே மகள் பூர்ணிமா ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டு, கல்யாணமாகி நாலாம் வருஷம் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம், வளைகாப்பு முடிந்த கையோடு அவளை அழைத்து வந்துவிடலாம், ஆனால் எங்கள் வீட்டுத் தரையில் டைல்ஸ் அங்கங்கே எழும்பி, காலை இடறிக்கொண்டிருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது, தரையைக் கொத்தவே கூடாது என்பதும் வழக்கம்தான் என்பதால், அவள் காலடி வைக்கும் முன்னே எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும். ஜோசியர் தரையைக் கொத்த ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்து, அதை விட்டால் ஒன்றரை மாதத்துக்கு நல்ல நாளே இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த நாளைத் தவற விடக்கூடாது என்ற பதற்றத்தில், மேலே என்ன போடப் போகிறோம் என்று முடிவு செய்வதற்கு முன்பே, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் அறுத்து, பழைய டைல்ஸ் முழுவதையும் பெயர்த்துக் கொட்டிவிட்டு, அதற்கப்புறம் கடைக்குப் போனோம்.

கடையில் ஜெசிந்தா என்கிற பெண் மூன்று பலகைகளை எடுத்து வைத்தாள். முதலாவது லேமினேட், மரத்தூளை அழுத்தி மேலே மரத்தின் படத்தை ஒட்டியது, பார்க்க மூன்றிலும் அழகு, தண்ணீர் பட்டால் உப்பிவிடும். இரண்டாவது வினைல், ஒருவகை பிளாஸ்டிக், தண்ணீருக்கு அசராது, காலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் பீரோவை இழுத்தால் கோடு விழும். மூன்றாவது மர வடிவ டைல்ஸ், சுட்ட மண், ஆயுசுக்கும் வரும், கல்லாகக் குளிரும்.

"இதுல எது அதிகமா மரம் மாதிரி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"மூணுமே மரம் இல்ல சார்," என்றாள் ஜெசிந்தா. "மூணும் ஒரே அளவுக்கு மரம் இல்ல."

இவ்வளவு தெளிவான பதிலுக்கு அப்புறமும் நான் பூதக்கண்ணாடியை எடுத்து, லேமினேட்டில் இருக்கிற மரக்கணு ஒன்பதாவது பலகையில் மறுபடியும் வருகிறது என்பதைக் கண்டுபிடித்து, கடைக்காரர்களுக்கே தெரியாததை அவர்களுக்குச் சொல்லி, அவர்கள் அதில் மகிழ்ச்சி அடையாததைக் கண்டு வருந்தினேன். என் மனைவி சாந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பலகையின் மேல் ஏறிக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். கால் வலிக்கிறது போல என்று நினைத்து, அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னேன்.

மூன்று பலகைகளிலும் ஒவ்வொரு துண்டை வாங்கி வந்து, வெறும் கான்கிரீட்டாகக் கிடந்த கூடத்தின் நடுவில் வரிசையாக வைத்து, பரிசோதனையைத் தொடங்கினேன். ரசம் ஊற்றினேன். தேங்காயை இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். ஈரக்காலோடு நடந்தேன், ஒரு தரம் விழுந்தேன், விழுந்ததையும் குறித்துக்கொண்டேன். திங்கட்கிழமை லேமினேட் என்பேன், செவ்வாய்க்கிழமை டைல்ஸ் என்பேன், புதன்கிழமை ஜெசிந்தாவுக்குப் போன் செய்து வினைலில் இன்னும் எத்தனை நிறம் இருக்கிறது என்று கேட்பேன், அவள் பதினான்கு என்பாள், நான் வியாழக்கிழமை படுத்துக்கொள்வேன். இப்படி மூன்று வாரம் கான்கிரீட் எங்கள் காலடியில் வாயைத் திறக்காமல் காத்துக் கிடந்தது. நாலாவது வியாழக்கிழமை அதற்கும் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க," என்றாள் சாந்தாமணி, பால் பாக்கெட் வரவில்லை என்று சொல்லுகிற குரலில். "தரையக் காணோமுங்க."

எழுந்து பார்த்தேன். கூடம், படுக்கையறை, சமையலறை எங்கும் தரை இல்லை. கட்டில் இருந்த இடத்தில் இருந்தது, கிரைண்டர் இருந்த இடத்தில் இருந்தது, சாந்தாமணி அடுப்படியில் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள், ஆனால் அவள் காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதற்கும் கீழே, முதல் மாடி வீட்டுக்காரர் தாமோதரசாமி தன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவருடைய மின்விசிறி மாட்டிய கொக்கி போன பிறகும் பழகிய இடத்தை விடாமல் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, இட்லியை விழுங்கிவிட்டு, "சார், உங்க குதிகால்ல வெடிப்பு இருக்குதுங்க, வெளக்கெண்ணெ போடுங்க," என்றார்.

இரண்டு நாளில் எங்களுக்கு அதன் சட்டதிட்டம் பிடிபட்டுவிட்டது. வைத்த பொருள் நிற்கும், கை தவறிய பொருள் கீழே போகும். கரண்டி போகும், கண்ணாடி போகும், ஒரு நாள் அரைத்தட்டு உப்புமா போயிற்று, தாமோதரசாமி உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லி அனுப்பினார். மனிதர்கள் விழுவதில்லை, எந்தத் தரையை மனதில் நினைத்து நடக்கிறோமோ அந்தத் தரையின் உயரத்தில் நடப்போம். வினைலுக்குக் கான்கிரீட்டின் மேல் கால் அங்குலம் கூட இல்லை, லேமினேட்டுக்கு அரை அங்குலம், டைல்ஸுக்குச் சிமெண்டோடு சேர்த்து ஒன்றரை அங்குலம். சாந்தாமணி காலை முதல் மாலை வரை ஒரே உயரத்தில் நேர்கோட்டில் போய் வந்தாள். நானோ கூடத்தின் இந்த முனையில் லேமினேட்டில் கிளம்பி, நடுவில் டைல்ஸுக்கு மனம் மாறி, இல்லாத படியில் கால் தடுக்கி, நாளுக்கு ஆறேழு தரம் ஒன்றுமேயில்லாததில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன்.

கீழே ஓர் ஆண்பிள்ளை இருக்கையில் மேலே சாந்தாமணி எப்படி நடமாடுவாள் என்ற சங்கடத்தை நான் யோசிக்கத் தொடங்குவதற்குள் தாமோதரசாமியே தீர்த்துவிட்டார். அவர் அரசுப் பேருந்தில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர், மனைவி தவறி ஆறு வருஷமாகத் தனியாக இருந்தார். தன் வேட்டிகள் எட்டை ஒன்றாகத் தைத்துக் கொடிக்கயிற்றில் கோத்து, தன் வீட்டுக்கு மேல் திரையாக இழுத்துக் கட்டினார். மேலே ஏதாவது பேச வேண்டுமென்றால், பழைய கண்டக்டர் விசிலை எடுத்து ஒரு விசில் அடிப்பார். நிமிர்ந்து பார்க்கலாமா என்று அர்த்தம். சாந்தாமணி சேலையைச் சரிசெய்துகொண்டு கரண்டியால் கட்டில் காலை இரண்டு தட்டு தட்டுவாள். ரைட், பார்க்கலாம் என்று அர்த்தம். அப்புறம் திரை விலகும், தூக்குப்போசியில் சாம்பார் கயிறு கட்டி இறங்கும், அதே கயிற்றில் கடலை உருண்டை ஏறி வரும், அன்றைக்கு ரேஷன் கடையில் என்ன போட்டார்கள் என்ற செய்தியும் வரும். பதினாறு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் மாடிப்படியில் 'வெயில் ஜாஸ்தி' என்பதைத் தவிர நாங்கள் அவரோடு வேறு எதுவும் பேசியதில்லை.

குடியிருப்பும் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. முதல் வாரம் எல்லாப் பிளாக்கிலிருந்தும் பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் அத்தனை பேரும், மிதித்து அழுக்காக்க அங்கே ஒன்றுமில்லை என்று கண்ணால் கண்டும், வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டே உள்ளே வந்தார்கள். ஒருவர் இது எந்தக் கம்பெனிக் கண்ணாடி என்று கேட்டார். ஒரு அம்மாள், வீடு நல்ல காற்றோட்டமாக இருக்கிறது, ஆனால் வாஸ்துப்படி கூடத்தில் பள்ளம் ஆகாது என்றார். வீட்டு வேலைக்கு வருகிற ராக்காத்தா, துடைக்கத் தரை இல்லாததை ஒரு குறையாகச் சொல்லவே இல்லை. சங்கச் செயலாளர் கூட்டம் போட்டு, மறைந்தது குழந்தைவேலுவின் தரையா தாமோதரசாமியின் கூரையா, அல்லது இரண்டுக்கும் நடுவில் இருந்த சங்கத்தின் பொதுச்சொத்தா என்று இரண்டரை மணி நேரம் விவாதித்து, எந்த முடிவுக்கும் வராமல் தேநீரோடு கலைத்தார். அன்றைக்கு எனக்குள் ஒரு சந்தோஷம், ஊரில் நான் மட்டும் இப்படி இல்லை என்று. அந்தச் சந்தோஷத்தில் கிடந்து மேலும் ஒரு வாரத்தைக் கழித்தேன்.

வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஈரோட்டிலிருந்து பூர்ணிமாவின் மாமியார் நேரில் பார்க்க வந்தார். எல்லோரையும் போல அவரும் செருப்பைக் கழற்றினார், ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலேயே காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, குனிந்து கீழே தாமோதரசாமிக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி," என்றார். "தரை இல்லாததக் கூட நான் பெருசா எடுத்துக்க மாட்டனுங்க. போனது ஒரு நாள் வரும். ஆனா என்ன தரைன்னே இன்னும் முடிவு பண்ணாம இருக்கறீங்களே, அந்த வூட்டுக்கு மாசமா இருக்கற புள்ளய எப்படீங்க அனுப்பறது? வளைகாப்புக்குள்ள ஆகலைன்னா, பிரசவம் ஈரோட்டுலயே இருக்கட்டுமுங்க. நாங்க பாத்துக்கறோம்."

அவர் போன பிறகு சாந்தாமணி பீரோவைத் திறந்து, தன் பழைய நூல் சேலைகளைக் கிழித்து, துவைத்துத் துவைத்து மிருதுவாக்கி, பிறக்கப் போகிற பிள்ளைக்கென்று மூன்று மாதமாக மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து, ஒரு பையில் போட்டுக் கட்டினாள். "ஈரோட்டுக்குக் குடுத்தனுப்பிரலாமுங்க," என்றாள். என்னைத் திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பெண்டாட்டியையும் பெண்ணையும் ஒரே சமயத்தில் அழவைக்க மூன்று பலகைத் துண்டுகளே ஒருவனுக்குப் போதும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

உடனே முடிவெடுத்துவிடுவது என்று வேகமாகக் கூடத்தின் நடுவுக்கு வந்தேன். லேமினேட் என்று நினைத்தேன், உயர்ந்தேன். ரசத்தை நினைத்தேன். டைல்ஸ் என்று நினைத்தேன், இன்னும் உயர்ந்தேன். குளிரை நினைத்தேன். வினைல் என்று நினைத்துத் தாழ்ந்தேன், பதினான்கு நிறங்களையும் நினைத்தேன். அப்புறம், இத்தனை நாள் ஒன்றுமில்லாமலே காலம் ஓடவில்லையா, தரை என்று ஒன்று வேண்டுமா என்ன, என்று நினைத்தேன். அந்தக் கணமே விழுந்தேன்.

எட்டு வேட்டித் திரையைக் கிழித்துக்கொண்டு, சுற்றுகிற மின்விசிறிக்கு ஒரு சாண் தள்ளி, தாமோதரசாமியின் கட்டிலில் போய் மல்லாக்க விழுந்தேன். அவர் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வந்துட்டீங்களா," என்று சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

விழுந்த இடத்திலேயே கிடந்து, கிழிசல் வழியாக மேலே பார்த்தேன். சாந்தாமணி என்னைத் தேடி ஓடி வந்து சரியாக என் தலைக்கு மேலே நின்றாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் உள்ளங்காலை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இடது கால் முழுதாகப் பதிந்திருந்தது. வலது காலில் விரல்கள் மட்டும்தான் பதிந்திருந்தன. குதிகால் பதியாமல் தூக்கியே இருந்தது, அவசரத்தில் ஓடி வந்து நின்றபோதும்.

"அது ஆறு வருசமா அப்படித்தானுங்க சார்," என்றார் தாமோதரசாமி, என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக. "என்ற சம்சாரம் போனதுக்கப்பறம் எனக்குக் கேக்கறது உங்க வூட்டுக் காலடி மட்டுந்தானுங்க. அம்மிணி நடந்தா ஒரு கால் சத்தம் வரும், ஒண்ணு வராது. காலைல அஞ்சு மணிக்கு அடுப்படில நிக்கும்போது, கல்லுத்தரை குளுருக்கு, அந்தக் காலு தரைல படறதே இல்லீங்க. உங்களுக்குத் தெரியும்னுதான் நான் சொல்லல."

ஒரு மீட்டர் நூலில் ஒரு மயிரிழை மெலிவைக் கண்டுபிடிக்கிற நான், எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலோடு மாடிப்படியேறி எங்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

"சாந்தா, உனக்கு எந்தப் பலகை வேணும்?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மொதல் நாள் கடையிலயே ஏறி நின்னு காட்டுனனே."

"உனக்குக் கால் வலியாக்கும்னு நெனச்சேன்."

"கால் வலிதானுங்க. அதுக்குத்தான் அந்த மெத்துனு இருக்கற பலகை."

"ஆறு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா எந்த டாக்டரு நல்ல டாக்டருன்னு தேட ஆரம்பிச்சுருவீங்க," என்றாள். "நீங்க தேடி முடிக்கறதுக்குள்ள, பூர்ணிமா பெக்கற புள்ள காலேஜே முடிச்சுரும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நானும் இரண்டையும் செய்தேன்.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்து வினைல் என்றேன். எந்த நிறம் சார் என்றாள். பதினான்கும் என் கண் முன்னால் வரிசை கட்டி வந்து நிற்பதற்குள் போனைச் சாந்தாமணியின் காதில் வைத்துவிட்டேன். "அந்த வெளிர் தேக்கு, கண்ணு," என்றாள் அவள். அவள் வாயை மூடுவதற்குள் கான்கிரீட் திரும்பி வந்துவிட்டது, பழைய சிமெண்டுத் திட்டுகளோடும், நான் ஊற்றிய ரசத்தின் கறையோடும், காய்கறி வாங்கப் போய்விட்டு வந்த மாதிரி. கீழேயிருந்து, "அம்மிணி, அந்த சாம்பாருல..." என்று ஆரம்பித்த தாமோதரசாமியின் குரல் பாதியில் நின்றுபோனது. எங்களுக்குத் தரை கிடைத்துவிட்டது, அவருக்குக் கூரை கிடைத்துவிட்டது. சாந்தாமணி சாம்பார் இறக்குகிற கயிற்றை அவிழ்த்து மெல்லச் சுருட்டினாள்.

இரண்டு பேர் வந்து ஒன்றரை நாளில் வினைல் பலகைகளை ஒன்றோடொன்று கோத்துப் பரப்பி முடித்துவிட்டார்கள். வளைகாப்புக்கு நாலு நாள் மிச்சமிருந்தது. சாந்தாமணி அடுப்படியில் போய் நின்றாள். நான் கீழே குனிந்து, பூதக்கண்ணாடி இல்லாமல், பார்த்தேன். வலது குதிகால் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

பூர்ணிமா கை நிறைய வளையலோடு வந்து சேர்ந்தாள். கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. அதுவரை தினமும் மதியம் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஏறுவது என் வேலையாகிவிட்டது, ஆனால் படியேறி வருகிற சாம்பார் பேச்சு கயிற்றில் இறங்குகிற சாம்பார் பேச்சு மாதிரி இருப்பதில்லை. தாமோதரசாமி வாங்கிக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்பார். நானும் ஆமாம் என்பேன்.

குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, சாந்தாமணி ஈரோட்டுக்குப் போகாமல் தப்பித்த நூல் சேலைத் துணியைக் கூடத்தில் விரித்தாள். யார் கிடத்துவது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம், அப்புறம் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மரமில்லாத மரத்தின் மேல், லேமினேட்டைப் போலவே இதிலும் ஒன்பதாவது பலகையில் மறுபடி வருகிற கணுவுக்குப் பக்கத்தில் கிடத்தினேன். அது கையைக் காலை உதைத்து, வீடே கேட்க ஓர் அழுகை அழுதது.

கீழேயிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது.

நடுவில் கான்கிரீட் இருந்தது, அதன் மேல் வினைல் இருந்தது, நிமிர்ந்து பார்த்தாலும் அந்த மனிதருக்குச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கூரையைத் தவிர எதுவும் தெரியப் போவதில்லை. சாந்தாமணி கரண்டியைத் தேடினாள். நான் அவளிடமும் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. வெடிப்பு ஆறிய என் குதிகாலால் தரையில் இரண்டு தரம் தட்டினேன்.